ஷாம்பெயின் பாட்டிலில் ஒரு 'விதவை': 27 வயதில் கணவரை இழந்த பெண் ஐரோப்பாவுக்கே ஒயின் விற்றது எப்படி?

செங்கோட்டையில் இருந்து புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு, கேரளா. இந்தப் பக்கம் பனையில் இருந்து இறக்கினால் பதநீர் மட்டும்தான். கள் இறக்க 1987-ல் இருந்து தமிழ்நாட்டில் தடை. அந்தப் பக்கம் 'கள்ளு ஷாப்பு'னு போர்டே வைத்து சட்டப்படி விற்கிறார்கள்.

பதநீருக்கும் கள்ளுக்கும் என்ன வித்தியாசம்? கலயத்தின் உள்பக்கம் தடவும் சுண்ணாம்பு. அது இருந்தால் புளிக்காது, இனிப்பு அப்படியே நிற்கும். இல்லைன்னா ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் இறங்கி இனிப்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். தின்று முடித்ததும் மிச்சம் வைப்பது இரண்டு: ஒன்று ஆல்கஹால், இன்னொன்று கார்பன் டை ஆக்சைடு வாயு. கள் நுரைப்பது இந்த வாயுவால்தான்.

குற்றால சீசனுக்குப் போய்விட்டு வரும் வழியில் குடிக்கிற கோலி சோடாவிலும் இருப்பது இதே வாயுதான். ஆனா அது தானாக உண்டானது இல்லை, மெஷின் வைத்து ஏற்றியது.

இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் ஷாம்பெயின் பாதி புரிந்த மாதிரி. கள் போல புளிக்க வேண்டும். ஆனா சோடா மாதிரி மூடிய பாட்டிலுக்குள் புளிக்க வேண்டும். வாயு வெளியே போக வழி இல்லாமல் ஒயினுக்குள்ளேயே கரைந்துவிடும். மூடியைத் திறந்ததும் பொங்கும். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? இதை ஒழுங்காகச் செய்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்தக் கதையின் நடுவில் நிற்பவர் ஒரு பெண். பெயர் பார்ப்-நிக்கோல் போன்சார்தான்.

இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனா ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ கடைகளில் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த லேபிளோடு அடுக்கி வைத்திருக்கும் 'வெவ் க்ளிக்கோ' பாட்டிலைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். பிரெஞ்சில் 'வெவ்' என்றால் விதவை. க்ளிக்கோவின் விதவை, அவ்வளவுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். நம்மூரில் கல்யாண வீட்டு மேடைப் பக்கமே வரக்கூடாது என்று ஒதுக்கி வைத்த சொல். அங்கே அந்தச் சொல் எழுதிய பாட்டிலைத்தான் கல்யாணத்தில் உடைக்கிறார்கள்.

துணி வியாபாரி மகள்

1777 டிசம்பர் 16-ம் தேதி பிரான்சின் வடகிழக்கில் இருக்கும் ரீம்ஸ் நகரத்தில் பிறந்தார் பார்ப்-நிக்கோல். அப்பா நிக்கோலா போன்சார்தான் பெரிய துணி வியாபாரி. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூட்டிக்கொள்ளும் தேவாலயம் இருக்கும் ஊர் ரீம்ஸ். ராஜ விசுவாசம் அந்த ஊரின் மண்ணிலேயே ஊறியது.

1789-ல் புரட்சி வெடித்தபோது பார்ப்-நிக்கோலுக்கு 11 வயது. பணக்காரர்கள் தலை உருண்டுகொண்டிருந்த காலம். அப்பா போன்சார்தான் ரொம்ப சாமர்த்தியசாலி. அதுவரை ராஜாவின் ஆளாக இருந்தவர், ஒரே நாளில் புரட்சிக்காரராக மாறிவிட்டார். பிறகு நெப்போலியன் வந்ததும் நெப்போலியன் ஆள். ரீம்ஸ் மேயர் பதவி, பிரபு பட்டம் எல்லாம் வந்து சேர்ந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தெரிந்த இந்தக் குணம் மகளுக்கும் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1798-ல் கல்யாணம். மாப்பிள்ளை பிரான்சுவா க்ளிக்கோ, இன்னொரு துணி வியாபாரியின் மகன். இரண்டு துணிக்கடைக் குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டன. பிரான்சுவாவின் அப்பா பிலிப் க்ளிக்கோ, 1772-ல் இருந்தே பக்கத் தொழிலாக கொஞ்சம் ஒயினும் விற்றுவந்தார். மகனுக்குத் துணியை விட ஒயின் மேலேதான் ஆசை. அடுத்த வருடம் க்ளமென்டீன் என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது.

பிரான்சுவா ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தார். லூயி போனே என்ற ஜெர்மன்காரரை விற்பனைப் பிரதிநிதியாக வேலைக்கு வைத்தார். ஆனா காலம் சரியில்லை. நெப்போலியன் ஐரோப்பா முழுக்கப் போர் நடத்திக்கொண்டிருந்தார், வியாபாரம் ஏறவே இல்லை. 1805 அக்டோபரில் பிரான்சுவா காய்ச்சலில் இறந்துபோனார். டைபாய்டு என்றார்கள். தற்கொலை என்றும் ஊருக்குள் ஒரு பேச்சு ஓடியது. பார்ப்-நிக்கோலுக்கு அப்போது 27 வயது, கையில் ஆறு வயதுக் குழந்தை.

மகனைப் பறிகொடுத்த மாமனார் ஒயின் தொழிலையே மூடிவிட முடிவு செய்தார்.

விதவை என்பதால் கிடைத்த உரிமை

இங்கதான் கதை திரும்புகிறது. 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டப்படி, கல்யாணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது, சொத்தை விற்க முடியாது, கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனா விதவைக்கு அந்தக் கட்டு கிடையாது. கணவன் போன பிறகுதான் ஒரு பெண் தன் பெயரில் கணக்கு எழுதலாம், கடன் வாங்கலாம், கடை நடத்தலாம். மறுபடி கல்யாணம் செய்தால் அந்த உரிமை போய்விடும்.

பார்ப்-நிக்கோல் கடைசி வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவர் மேல் இருந்த பிரியமா, சட்டக் கணக்கா? இரண்டும் இருக்கலாம். ஆனால் கம்பெனியின் பெயரிலேயே 'விதவை' என்று போட்டது வெறும் சோகம் இல்லை. இந்தக் கையெழுத்து செல்லும் என்று எதிர் வியாபாரிக்குச் சொல்லும் அறிவிப்பும் கூட.

அதே காலத்தில் இந்தியாவில் என்ன நிலைமை? பிரிட்டிஷ் வங்காளத்தில் உடன்கட்டைக்குத் தடை வந்தது 1829-ல்தான். அப்போது இந்த அம்மா முழு வேகத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார், வயது 51. விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856-ல். அப்போது அவருக்கு 78.

மாமனாரிடம் போய், தொழிலை மூட வேண்டாம், தான் நடத்துகிறேன் என்று கேட்டார். மாமனார் உடனே தலையாட்டவில்லை. அலெக்சாந்தர் ஃபூர்னோ என்ற அனுபவசாலி ஒயின் வியாபாரியோடு கூட்டு சேர்ந்து தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் பணம் போட்டார். நாலு வருடம் அந்தக் கூட்டு ஓடியது. லாபம் பெரிதாக இல்லை. 1810-ல் ஃபூர்னோ ஒதுங்கிக்கொண்டார். வெறும் நஷ்டத்தைக் காட்டினால் யாருமே மூடியிருப்பார்கள். இவர் தன் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து 'வெவ் க்ளிக்கோ போன்சார்தான்' என்று புதுக் கம்பெனி தொடங்கினார்.

அந்தக் கூட்டுக் காலத்தில் ஒரு பெரிய அடி விழுந்தது. இங்கிலாந்துக் கப்பற்படை துறைமுகங்களை மறித்ததால் ஆம்ஸ்டர்டாமில் பாட்டில்கள் மாட்டிக்கொண்டன. குளிர்ந்த பாதாள அறையில் இருக்க வேண்டிய ஒயின், வெயில் காலத்தில் கிடங்கில் கிடந்து கெட்டுப்போனது. இன்றைக்கும் ஸ்பார்க்லிங் ஒயின் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தென்காசி, திருநெல்வேலி வெயிலில் ஏசி இல்லாத கடையில், ஷோகேஸ் விளக்குக்குக் கீழே மாதக்கணக்கில் நின்ற பாட்டில் எந்த பிராண்டாக இருந்தாலும் வீண்.

பாட்டில் வெடித்த காலம்

ஷாம்பெயின் என்பது முதலில் ஒரு பகுதியின் பெயர். ரீம்ஸும் அதன் சுற்றுவட்டாரமும் சேர்ந்தது. ஐரோப்பியச் சட்டப்படி அங்கே விளைந்த திராட்சையில், அங்கேயே விதிப்படி செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். திருநெல்வேலிக்கு வெளியே செய்த அல்வாவுக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை, ஷாம்பெயின்காரர்கள் போடுவார்கள். இத்தாலியில் செய்தால் புரோசெக்கோ, ஸ்பெயினில் காவா. நம்ம நாசிக்கில் சுலாவும் ஷாண்டோனும் செய்வது ஸ்பார்க்லிங் ஒயின்.

ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் டோம் பெரின்யோன் என்ற துறவி என்று ஒரு கதை உண்டு. அது சரியில்லை. 1715-ல் இறந்த அந்தத் துறவி நல்ல ஒயின் செய்தார் என்பது உண்மை, ஆனா நுரை வராமல் தடுக்கத்தான் பாடுபட்டார். அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் பனிக்காலம் வந்தால் ஈஸ்ட் பாதியில் தூங்கிவிடும். வேலை முடிந்தது என்று பாட்டிலில் அடைப்பார்கள். வசந்தத்தில் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மறுபடி தின்ன ஆரம்பிக்கும். பாட்டிலுக்குள் வாயு ஏறும், வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும். பாதாள அறைக்குள் போகிற தொழிலாளிகள் முகத்தில் இரும்பு முகமூடி மாட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது உள்ள ஷாம்பெயின் பாட்டிலில் வாயு அழுத்தம் சுமார் 6 வளிமண்டல அளவு. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் அந்த பாட்டில் அவ்வளவு கனம். கிரிக்கெட் கப் ஜெயித்தவர்கள் மாதிரி குலுக்கி கார்க்கைப் பறக்க விடுவது டிவிக்கு நன்றாக இருக்கும், கண்ணுக்கு ஆபத்து. நன்றாகக் குளிரவைத்து, சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்ப வேண்டும். சத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சத்தத்தோடு போவது காசு கொடுத்து வாங்கிய நுரைதான்.

வால்நட்சத்திரமும் ரஷ்யர்களும்

1811-ல் ஒரு பெரிய வால்நட்சத்திரம் மாதக்கணக்கில் வானத்தில் தெரிந்தது. அந்த வருடம் ஷாம்பெயின் பகுதியில் திராட்சை விளைச்சல் அபாரம். விவசாயிகள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வால்நட்சத்திர ஒயின் என்றே பெயர் வந்தது. பார்ப்-நிக்கோல் கார்க்கில் நட்சத்திர முத்திரை குத்தினார்.

லேபிளில் வருடம் போட்ட பாட்டிலுக்கும் போடாத பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே இருந்து வருவதுதான். நல்ல விளைச்சல் வந்த ஒரே ஒரு வருடத்துத் திராட்சையில் செய்தால் வருடம் போடுவார்கள். 1810-ம் ஆண்டு ஒயினை ஷாம்பெயின் பகுதியிலேயே முதன்முதலில் அப்படித் தனியாகச் செய்தது தாங்கள்தான் என்று வெவ் க்ளிக்கோ நிறுவனம் சொல்கிறது. வருடம் இல்லாத பாட்டில் மட்டம் என்று அர்த்தம் இல்லை. பல வருட ஒயினைக் கலந்து எப்போதும் ஒரே ருசி வரும்படி செய்தது அது. முதல் தடவை வாங்குகிறவருக்கு வருடம் போடாததே போதும், அதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

நல்ல ஒயின் கையில் இருக்கிறது, விற்க வழி இல்லை. 1814-ல் நெப்போலியன் தோற்கும் தறுவாயில் ரஷ்யப் படைகள் ரீம்ஸுக்குள் நுழைந்தன. ஊரே நடுங்கியது. ரஷ்ய அதிகாரிகள் பார்ப்-நிக்கோலின் ஒயினைக் குடித்தார்கள். அவர் தடுக்கவில்லை. இன்றைக்கு இலவசமாகக் குடிப்பவன் ஊருக்குப் போய் காசு கொடுத்துக் கேட்பான் என்று அவர் கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள்.

அந்தக் கணக்கு பலித்தது. ஆனா தானாகப் பலிக்கவில்லை. அமைதி ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள், மற்ற வியாபாரிகள் சட்டம் தெளிவாகட்டும் என்று காத்திருந்த நேரத்தில், ரஷ்யாவில் பிரெஞ்சு பாட்டில் ஒயினுக்கு இருந்த தடை இன்னும் நீங்காத நிலையிலேயே இவர் ரகசியமாக ஒரு டச்சுக் கப்பலை வாடகைக்குப் பிடித்தார். 10,550 பாட்டில்கள். கூடவே லூயி போனே. பால்டிக் கடலோரத்து கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்துக்குப் போகட்டும், தடை நீங்கியதும் ரஷ்யாவுக்குள் நுழைந்துவிடலாம் என்பது திட்டம். மாட்டினால் சரக்கு மொத்தமும் பறிபோகும். கம்பெனியும் அதோடு முடிந்திருக்கும்.

போனே கோனிக்ஸ்பெர்க்கில் இறங்கியதும் வாங்க ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். மிச்சம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனது. போட்டிக் கம்பெனிகளின் கப்பல் கிளம்புவதற்குள் இவருடைய இரண்டாவது கப்பலும் போய்விட்டது. எபெர்னேயில் இருந்த மொயே, நெப்போலியனுக்கே நெருங்கிய ஒயின் வியாபாரி, அவரே பின்தங்கிவிட்டார். சில வருடங்களில் ரஷ்யாவில் ஷாம்பெயின் என்று கேட்பதற்குப் பதில் 'க்ளிக்கோ' என்றே கேட்கும் அளவுக்கு ஆனது. புஷ்கின் எழுத்தில்கூட இந்த விதவையின் பெயர் வருகிறது.

சமையலறை மேஜையில் துளை

ஆர்டர் குவிந்தது. புதுச் சிக்கலும் வந்தது. பாட்டிலுக்குள் வாயுவை உண்டாக்கிய ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகத் தங்கும். கள்ளில் அடியில் கலங்கலாக இருக்குமே, அது போல. கள்ளில் யாரும் கேட்கமாட்டார்கள். ஜார் மன்னர் விருந்தில் கண்ணாடிக் கோப்பையில் கலங்கலை ஊற்ற முடியுமா?

அதுவரை இருந்த வழி, ஒயினை வேறு பாட்டிலுக்கு மாற்றுவது. மாற்றும்போது பாதி வாயு போய்விடும், ஒயினும் வீணாகும், நாளும் ஆகும். 1816-ல் பார்ப்-நிக்கோல் ஒரு வேலை செய்தார். தன் வீட்டு சமையலறை மேஜையையே பாதாள அறைக்குக் கொண்டுபோய் துளை போடச் சொன்னார் என்பது நிறுவனத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்தத் துளைகளில் பாட்டிலைத் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் குலுக்கினால், வண்டல் மெல்லச் சறுக்கிக் கழுத்துக்கு வந்து கார்க்கின் மேல் உட்கார்ந்துவிடும். பிறகு கார்க்கைத் திறந்தால் வாயுவின் வேகத்தில் வண்டல் முதலில் தெறித்து வெளியேறும். உடனே மூடிவிடலாம். பாதாள அறையின் மேற்பார்வையாளர் அன்ட்வான் முல்லர் துளைகளைச் சாய்வாகப் போட்டு இதை மேலும் சீராக்கினார்.

பளிங்கு மாதிரி ஒயின். அதுவும் வாரக்கணக்கில் முடிந்தது. போட்டியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். தொழிலாளிகள் வருடக்கணக்கில் ரகசியத்தை வெளியே விடவில்லை. இன்றைக்கு அதே வேலையைப் பெரிய கூண்டில் நூற்றுக்கணக்கான பாட்டில்களை வைத்து மெஷின் திருப்புகிறது. தத்துவம் அந்த மேஜையேதான்.

லேபிளில் 'டிரெடிஷனல் மெத்தட்' என்று இருந்தால் இந்த வழியில், அதே பாட்டிலுக்குள் புளிக்கவைத்து வண்டல் நீக்கியது என்று அர்த்தம். சுலா புரூட், ஷாண்டோன் இரண்டிலும் இந்த முறைதான். புரோசெக்கோ பெரும்பாலும் பெரிய ஸ்டீல் டேங்கில் மொத்தமாகப் புளிக்கவைத்து பாட்டிலில் அடைப்பது. அது தரக்குறைவு இல்லை, ஆப்பிள், பேரிக்காய் வாசனையோடு லேசாக இருக்கும், விலையும் குறைவு. பாட்டில் முறையில் வண்டலோடு மாதக்கணக்கில் கிடந்ததால் ரொட்டி சுட்ட வாசனை வரும். மூன்றாவது வகையும் உண்டு: ஒயினில் சோடா மாதிரி வாயு ஏற்றியது. ஊற்றியதும் பெரிய பெரிய குமிழியாக வந்து, சில நிமிடத்தில் அடங்கிவிடும். லேபிளில் 'கார்பனேட்டட்' என்று இருந்தால் அதுதான், அதற்கு ஸ்பார்க்லிங் ஒயின் விலை கொடுப்பது வேஸ்ட்.

1818-ல் இன்னொன்று செய்தார். அதுவரை ரோஸ் நிற ஷாம்பெயினுக்கு எல்டர்பெர்ரி என்ற பழச்சாற்றைச் சாயமாகச் சேர்ப்பார்கள். இவர் பூஸி ஊர் சிவப்பு ஒயினையே வெள்ளை ஒயினோடு கலந்தார். இதைப் புரிந்துகொள்ள கம்பம் பன்னீர் திராட்சை போதும். தோல் கறுப்பு, உள்ளே சதை வெளிறிய பச்சை. ஷாம்பெயினில் முக்கியமான பினோ நுவார் திராட்சையும் அப்படித்தான். கறுப்புத் திராட்சையை மெல்லப் பிழிந்து தோலை உடனே நீக்கினால் வெள்ளை ஒயின், தோலோடு ஊறவிட்டால் சிவப்பு. ரோஸ் நிறம் என்றால் இனிப்பாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. நிறத்துக்கும் இனிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

திவாலின் விளிம்பில்

வெற்றி மட்டுமே இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பணம் சேர்ந்ததும் பார்ப்-நிக்கோல் வங்கி தொடங்கினார், கம்பளி ஆலையில் முதலீடு செய்தார். ஒயினில் இருந்த கூர்மை அதில் இல்லை. 1828-ல் பாரிஸில் அவர் பணம் கிடந்த வங்கி ஒன்று மூழ்கியது. செய்தி வெளியே போயிருந்தால் டெபாசிட் போட்டவர்கள் எல்லாம் வாசலில் நின்றிருப்பார்கள்.

காப்பாற்றியது எடுவார்ட் வெர்லே என்ற ஜெர்மன் இளைஞர். 1821-ல் சாதாரண ஊழியராகச் சேர்ந்தவர். தகவல் தெரிந்ததும் தன் சொந்தப் பொறுப்பில் கடன் திரட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். 1831-ல் அவரையே பங்குதாரர் ஆக்கினார் பார்ப்-நிக்கோல்.

மகள் க்ளமென்டீன்? 1817-லேயே ஷெவின்யே என்ற பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பட்டம் உண்டு, பணம் இல்லை. கவிதை எழுதுவார், தாராளமாகச் செலவழிப்பார். அந்தச் செலவை மாமியார் ஒயின் விற்றுக் கட்டினார். மகளுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்கவே இல்லை. ஆண்கள் உலகத்தில் தானே கதவை உடைத்து நுழைந்தவர், சொந்த மகளுக்கு அந்தக் கதவைத் திறந்துவிடவில்லை. கம்பெனி போய்ச் சேர்ந்தது வெர்லேயிடம். இது அவர் வாழ்க்கையில் சுலபமாகப் புரிந்துகொள்ள முடியாத பகுதி. மருமகன் கைக்குப் போனால் நிலைக்காது என்ற பயமாக இருக்கலாம். கல்யாணமான மகளின் பங்கு சட்டப்படி கணவன் கைக்குத்தானே போகும்?

பேத்தி மகள் ஆன் மட்டும் வேற மாதிரி வந்தார். உசே சீமாட்டி ஆன இவர், 1898-ல் பிரான்சில் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய முதல் பெண். அதே வருடம் வேகமாக ஓட்டியதற்கு அபராதமும் கட்டினார்.

கடைசிக் காலத்தில் பார்ப்-நிக்கோல் பூர்சோ என்ற ஊரில் கட்டிய மாளிகையில் இருந்தார். லியோன் கோனியே வரைந்த ஓவியம் ஒன்றில் கறுப்பு உடையும் தலையில் சரிகைக் குல்லாவுமாக, கனத்த உடம்போடு, கூர்மையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலடியில் சிறுமி ஆன். இன்றைக்கும் பாட்டில் கார்க்கின் மேல் இருக்கும் உலோக வில்லையில் அந்த முகத்தைப் பார்க்கலாம். 1866 ஜூலை 29-ம் தேதி, 88 வயதில் இறந்தார். அந்த மஞ்சள் லேபிள் பதிவானது 1877-ல். அவர் அதைப் பார்க்கவே இல்லை. நிறுவனம் இப்போது எல்விஎம்ஹெச் குழுமத்தின் கையில். நாசிக் ஷாண்டோனும் அதே குழுமம்தான்.

எவ்வளவு சர்க்கரை?

அவர் விற்ற ஒயினை இன்றைக்குக் கொடுத்தால் பலரும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். அவ்வளவு இனிப்பு. வண்டலை வெளியேற்றியதும் குறைந்த அளவை நிரப்ப சர்க்கரை கலந்த ஒயின் ஊற்றுவார்கள். எவ்வளவு சர்க்கரை என்பது வாங்குகிற நாட்டைப் பொறுத்தது. ஆங்கிலேயர்களுக்குக் குறைவு. ரஷ்யர்களுக்கு லிட்டருக்கு 300 கிராம் வரை கேட்டார்கள். நம்ம ஊர் கோலாவில் லிட்டருக்கு சுமார் 110 கிராம்தான்.

இன்றைய லேபிளில் இருக்கும் சொற்கள் இந்தச் சர்க்கரைக் கணக்குதான். 'புரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே, கடைகளில் அதிகம் கிடைப்பது. 'எக்ஸ்ட்ரா புரூட்' 6 கிராம் வரை. இங்கதான் பலர் ஏமாறுகிறார்கள்: 'எக்ஸ்ட்ரா டிரை' என்று பார்த்தால் இனிப்பே இருக்காது என்று தோன்றும், ஆனா அது புரூட்டை விட இனிப்பு, 12 முதல் 17 கிராம். 'டெமி செக்' 32 முதல் 50. உப்பும் காரமுமாக மிக்சர், வறுத்த மீன் எல்லாம் வைத்துக் குடிப்பதென்றால் புரூட். குலாப் ஜாமூனோடு புரூட் குடித்தால் வாய் புளித்துப்போகும், அதற்கு டெமி செக்.

8 முதல் 10 டிகிரி குளிர் போதும். ஐஸ் கட்டியைக் கோப்பைக்குள் போட வேண்டாம். இதிலும் 12 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது, நுரை வருகிறது என்பதால் ஜூஸ் ஆகிவிடாது. மது உடல்நலத்துக்குக் கேடு. தமிழ்நாட்டில் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், புளியரை தாண்டினால் 23.

2010-ல் பால்டிக் கடலில், பின்லாந்தின் ஆலந்து தீவுகள் அருகே மூழ்கிய ஒரு கப்பலில் 168 பாட்டில்கள் கிடைத்தன. சுமார் 170 வருடம் கடலடியில், இருட்டில், குளிரில் கிடந்தவை. அதில் சில வெவ் க்ளிக்கோ. அதாவது அந்த அம்மா உயிரோடு இருந்தபோது அவர் கம்பெனி அடைத்தது. விஞ்ஞானிகள் சோதித்ததில் லிட்டருக்கு சுமார் 150 கிராம் சர்க்கரை இருந்தது. திறந்ததும் முதலில் பாலாடைக்கட்டியும் நனைந்த முடியும் சேர்ந்த ஒரு வாடை. கோப்பையைச் சுழற்றிக் கொஞ்ச நேரம் காற்றுப் பட விட்டதும் பூ வாசனையும் புகை வாசனையும் எழுந்தது. மறு வருடம் அதில் ஒரு பாட்டில் ஏலத்தில் 30,000 யூரோவுக்குப் போனது.